காசு கொடுத்து வாங்கிய பள்ளத்தாக்கு

டெத் வேலிக்குப் போவதைப் பற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர் வீட்டில் பேசிக்கொண்டிருந்தோம். வீடு சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில், அதாவது லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் வடபகுதியில். எந்த வழியாகப் போவது, எங்கே தங்குவது என்று ஆரம்பித்த பேச்சு வழக்கம்போல எங்கெங்கோ போனது. 395-ஆம் எண் நெடுஞ்சாலையில் போனால் ஓவன்ஸ் பள்ளத்தாக்கு வரும், நம் குழாயில் வரும் தண்ணீர் அங்கிருந்து திருடியதுதான் என்று சொல்லிவைத்தேன். இந்த ஊரில் சில வருஷம் குப்பை கொட்டிய யாரும் போகிறபோக்கில் சொல்லக்கூடிய வாக்கியம் அது. நண்பருக்கு வீட்டுக்கடன் தொழில். பத்திரம், பட்டா என்றால் நிமிர்ந்து உட்காருவார். "காசு குடுத்துத்தானப்பா வாங்குனாங்க? வித்தவன் கையெழுத்துப் போட்டிருக்கான். இதுல திருட்டு எங்க வந்துச்சு?" என்றார். ஏமாற்றி வாங்கினார்கள் என்றேன். "ஏமாந்தவன் கோர்ட்டுக்குப் போயிருக்கலாமே?" என்றார். விலை குறைவு என்றேன். "விலை கம்மின்னா விக்காம இருந்திருக்கலாமே?" அதற்குள் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பேச்சு முடிந்துவிட்டது, கேள்வி முடியவில்லை. அவர் சொன்னதில் ஒன்று உண்மை. அந்தப் பள்ளத்தாக்கில் நடந்ததில் பெரும்பகுதி காகிதத்தின் மேல்தான் நடந்தது. கிரயப் பத்திரம், நாடாளுமன்றச் சட்டம், நகரத் தீர்மானம் எல்லாம் முறையாக இருக்கின்றன. தண்ணீர்த் திருட்டு என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம். ஒரு வில்லன், ஒரு பாவப்பட்ட விவசாயி, கதை முடிந்தது. ஆனால் அந்தப் பள்ளத்தாக்கு இருக்கும் இன்யோ கவுன்டியின் (கவுன்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி) கதை அப்படி முடிகிற கதையாக எனக்குத் தோன்றவில்லை. அதற்கப்புறம் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நிலம் யாருடையது என்ற ஒரே கேள்வியோடுதான் பார்த்துக்கொண்டு போகிறேன்.

உச்சியும் பள்ளமும்

இன்யோ கவுன்டியின் பரப்பு சுமார் 26,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. 2020 கணக்கெடுப்பின்படி அங்கே இருப்பவர்கள் 19,016 பேர். நகராட்சி என்று சொல்லத்தக்கது பிஷப் ஒன்றுதான், அதிலும் நாலாயிரம் பேர்கூட இல்லை. தலைநகரான இன்டிபென்டன்ஸில் ஒரு நீதிமன்றக் கட்டடம், ஒரு அருங்காட்சியகம், சில தெருக்கள். அலாஸ்காவையும் ஹவாயையும் விட்டுவிட்டால் அமெரிக்காவிலேயே மிக உயரமான விட்னி சிகரம், 4,421 மீட்டர், இந்த கவுன்டியின் மேற்கு எல்லையில் நிற்கிறது. வட அமெரிக்காவிலேயே தாழ்ந்த நிலமான பேட்வாட்டர், கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே, கிழக்கே டெத் வேலிக்குள் கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நேர்கோட்டில் சுமார் 136 கிலோமீட்டர்தான். வடக்கே வொயிட் மலைகளின் மேல் நாலாயிரத்து எண்ணூறு வயதைத் தாண்டிய பைன் மரங்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. சுற்றுலாப் பிரசுரங்களுக்கு இதுவே போதும்.

விட்னிக்கு அடியில் இருக்கும் லோன் பைன் ஊரை ஒட்டி உருண்டை உருண்டையாகப் பாறைக்குன்றுகள், அலபாமா ஹில்ஸ். உள்நாட்டுப் போர்க் காலத்தில் தெற்குக் கட்சியை ஆதரித்த சுரங்கத் தேடிகள் 'அலபாமா' என்ற தங்கள் போர்க்கப்பலின் பெயரை அவற்றுக்கு வைத்தார்கள். 1864-இல் 'கியர்சார்ஜ்' என்ற வடக்குக் கப்பல் அதை மூழ்கடித்தது. உடனே எதிர்க்கட்சிக்காரர்கள் வடக்கே கொஞ்ச தூரத்தில் ஒரு சுரங்கத்துக்குக் 'கியர்சார்ஜ்' என்று பெயர் வைத்துப் பழி தீர்த்துக்கொண்டார்கள். கணவாய்க்கும் அதே பெயர்தான். கடலையே பார்க்காத பாலைவனத்தில் ஒரு கடற்சண்டை! 1938-இல் ஹாலிவுட்காரர்கள் இதே குன்றுகளுக்கு இந்தியாவின் வடமேற்கு எல்லை வேஷம் கட்டிப் படம் பிடித்தார்கள். யார் வந்தாலும் தங்கள் ஊரின் சண்டையை இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

தண்ணீர்க் கதைக்குத் தேவையான பூகோளம் ஒன்றே ஒன்றுதான். பசிபிக்கிலிருந்து வரும் மேகங்களை சியரா நெவாடா மலைத்தொடர் தடுத்து, பெரும்பகுதியை மேற்குச் சரிவிலேயே இறக்கிவிடுகிறது. பள்ளத்தாக்கின் தரையில் வருஷத்துக்குப் பதினைந்து சென்டிமீட்டர் மழைகூட விழுவதில்லை. ஆனால் உச்சியில் விழும் பனி வசந்தத்தில் உருகி, வரிசையாக ஓடைகளாக இறங்குகிறது. ஓடைகள் ஓவன்ஸ் ஆற்றில் சேரும். ஆறு தெற்கே போய் ஓவன்ஸ் ஏரியில் விழும். ஏரிக்கு வெளியே போக வழியில்லை. அதாவது மழையில்லாத ஊரில் ஏராளமான தண்ணீர். அது கடலுக்கும் போவதில்லை, வேறு மாநிலத்துக்கும் போவதில்லை. 1870-களில் செரோ கோர்டோ சுரங்கத்து வெள்ளிக் கட்டிகளை ஏற்றிக்கொண்டு அந்த ஏரியில் நீராவிப் படகு ஓடியது. இன்று அந்த இடத்தில் நின்றால் நம்புவது கஷ்டம்.

நிலக் கணக்கு இன்னும் விசித்திரமானது. கவுன்டியின் நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மத்திய அரசினுடையது: தேசியப் பூங்கா, காடு, ராணுவச் சோதனைத் திடல். தனியார் கையில் இருப்பது இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. மிச்சத்தில் மாநில அரசின் பங்கு போக, நீரோடும் பள்ளத்தாக்குத் தரையின் பெரும்பகுதி, ஏறக்குறைய இரண்டரை லட்சம் ஏக்கர், லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்குச் சொந்தம். அதன் நீர், மின்சாரத் துறையை உள்ளூரில் எல்லோரும் டி.டபிள்யூ.பி. என்றுதான் சொல்வார்கள், பெரும்பாலும் முகத்தைச் சுளித்துக்கொண்டு. முன்னூறு நானூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நகரத்தின் பெயர் ஒவ்வொரு மேய்ச்சல் வேலியிலும் தொங்குகிறது. சாலையோரக் கடை ஒன்றில் காபி வாங்கும்போது கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். கட்டடம் அவருடையது, கீழே இருக்கும் தரை டி.டபிள்யூ.பி.யினுடையது, குத்தகை முடியும்போதெல்லாம் வயிற்றில் புளியைக் கரைக்கும் என்றார். அப்படியொரு கட்டடத்தை வைத்து எந்த வங்கியில் கடன் வாங்குவது?

விற்றவர்கள் யாரிடம் வாங்கினார்கள்?

நண்பரின் கேள்விக்கு முதல் பதில், நகரம் நிலம் வாங்கிய 1905-க்கு முந்தைய காலத்தில் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன்பே அந்தப் பள்ளத்தாக்கில் பாசனம் இருந்தது. பையூட் என்ற பழங்குடி மக்கள் பிஷப் ஓடையிலும் மற்ற ஓடைகளிலும் அணை கட்டி, கிலோமீட்டர் கணக்கில் வாய்க்கால் வெட்டி, கோரைக்கிழங்கு போன்ற கிழங்குகளும் விதைப்புற்களும் விளையும் நிலங்களுக்குத் தண்ணீர் பாய்ச்சினார்கள். பிஷப் ஓடைப் பக்கம் வருஷாவருஷம் வசந்தத்தில் ஊர்கூடி ஒரு நீர்க்கட்டியை, அதாவது தண்ணீர் பாய்ச்சும் பொறுப்பாளரை, தேர்ந்தெடுப்பார்கள். இந்த வருஷம் வடக்கு நிலம், அடுத்த வருஷம் தெற்கு நிலம் என்று மாற்றி மாற்றி மடை திருப்புவதும் உண்டு. ஏரிப் பாசனம் பார்த்து வளர்ந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

1861-இல் சுரங்க முகாம்களுக்கு மாட்டிறைச்சி விற்க வந்த மேய்ப்பர்கள் அந்தப் பசுமையைப் பார்த்து மந்தைகளை இறக்கினார்கள். அந்தக் குளிர்காலம் கொடுமையானது. விதைப்புற்களை மாடுகள் தின்றன, பசித்தவர்கள் மாடுகளைப் பிடித்துத் தின்றார்கள், சண்டை மூண்டது. 1862 ஜூலை 4-ஆம் தேதி ராணுவம் வந்து முகாம் போட்டது. சுதந்திர தினம் என்பதால் அதற்கு கேம்ப் இன்டிபென்டன்ஸ் என்று பெயர். கவுன்டித் தலைநகரின் பெயர் அங்கிருந்து வந்ததுதான். 1863 ஜூலையில், ஆயிரம் பேருக்கு நெருக்கமான பையூட் மக்களை, குழந்தைகள் கிழவர்கள் உட்பட, கோடை வெயிலில் பாலைவனம் தாண்டி தெற்கே டெஹோன் கோட்டைக்கு நடத்திக்கொண்டு போனார்கள். வழியில் செத்தவர்கள் உண்டு, தப்பித்தவர்கள் உண்டு. பிழைத்தவர்களில் பலர் மெல்லத் திரும்பி வந்தார்கள். வந்து பார்த்தால் அவர்கள் வெட்டிய வாய்க்கால்கள் குடியேறிகளின் வயலுக்குப் பாய்ந்துகொண்டிருந்தன. அதே வயல்களில் கூலிக்கு நின்றார்கள்.

இந்தக் கட்டத்தில் கிரயம் கிடையாது, பத்திரம் கிடையாது. ஆக, 1905-இல் கையெழுத்துப் போட்டு விற்றவர்கள் வைத்திருந்த சொத்தே நாற்பது வருஷத்துக்கு முன்னால் விலை கொடுக்காமல் எடுத்த சொத்து. இதை நண்பரிடம் சொன்னால் "அப்படிப் பாத்தா அமெரிக்கா முழுக்க அதான்" என்பார். நியாயம்தான். ஆனால் மற்ற இடங்களில் அந்தக் கதை முடிந்துபோனதாகச் சொல்லிக்கொள்ளலாம். இன்யோவில் அது 1937-இல் காகிதத்தில் மறுபடி எழுந்தது. அதற்குப் போவதற்கு முன்னால் எல்லோருக்கும் தெரிந்த பகுதியைச் சீக்கிரம் கடந்துவிடுகிறேன்.

கட்டாயமில்லாத விற்பனை

லாஸ் ஏஞ்சலஸின் முன்னாள் மேயர் ஃப்ரெட் ஈட்டன் 1904-05-இல் பள்ளத்தாக்கில் நிலம் வாங்கிக்கொண்டே போனார். அதே சமயம் மத்திய அரசின் பாசனத் துறை அந்த ஊர் விவசாயிகளுக்காகவே ஒரு நீர்த்திட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்தது. ஈட்டன் அரசுக்காகத்தான் வாங்குகிறார் என்று பலர் நினைத்தார்கள். பாசனத் துறையின் கலிஃபோர்னியா பொறியாளர் லிப்பின்காட் அரசிடம் சம்பளம் வாங்கிக்கொண்டே நகரத்திடமும் ஆலோசனைக் கட்டணம் வாங்கினார். 1905 ஜூலை கடைசியில் பத்திரிகைச் செய்தி வந்தபோதுதான் வாங்கியது யார் என்று ஊருக்குத் தெரிந்தது. விவசாயிகளுக்கான அரசுத் திட்டம் கைவிடப்பட்டது. மரமே இல்லாத பள்ளத்தாக்குத் தரையைத் தேசியக் காடு என்று அறிவித்தார்கள், புதிதாக யாரும் குடியேறி உரிமை கோரக்கூடாது என்பதற்காக. இதுவும் சட்டப்படிதான். நகரத்தின் நீர்த்துறைத் தலைமைப் பொறியாளர் வில்லியம் மல்ஹாலண்ட் 375 கிலோமீட்டருக்கு, ஒரு பம்புகூட இல்லாமல், சரிவை மட்டுமே நம்பிக் கால்வாய் கட்டினார். பொறியியலாக அது அபாரமான வேலை, அதில் சந்தேகமில்லை. 1913 நவம்பர் 5-இல் தண்ணீர் சான் ஃபெர்னாண்டோவுக்கு வந்தது. முதலில் பாய்ந்தது அந்தப் பள்ளத்தாக்கின் வயல்களுக்கு. தண்ணீர் வரப்போவதை முன்கூட்டியே தெரிந்த சில பணக்காரர்கள் அங்கே மலிவாக நிலம் வாங்கி வைத்திருந்தார்கள். 1915-இல் நகரம் அந்தப் பள்ளத்தாக்கைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. நண்பர் வீடு இருக்கும் மனையும் அதற்குள்தான்.

'விற்காமல் இருந்திருக்கலாமே' என்பதற்கு 1920-கள் பதில் சொல்கின்றன. வறட்சி வந்தது, நகரத்துக்கு இன்னும் தண்ணீர் வேண்டியிருந்தது. பல பண்ணைகள் சேர்ந்து பராமரிக்கும் பொது வாய்க்கால்களில் நகரத்தின் ஆட்கள் ஒருவர் விட்டு ஒருவர் என்று வாங்க ஆரம்பித்தார்கள். 1923-இல் மெக்நல்லி வாய்க்கால்காரர்களில் பெரும்பாலோரை அப்படித்தான் வளைத்தார்கள். தலைமடைக்காரர் விற்றுவிட்டால் வாய்க்காலைத் தூர்வாரும் செலவு மிச்சமிருப்பவர்கள் தலையில் விழும். பக்கத்து வயல் காய்ந்து புழுதி பறக்கும், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைவார்கள், பிஷப் கடைவீதியில் வியாபாரம் படுக்கும். கடைசியில் நிற்பவரும் போய்க் கையெழுத்துப் போடுவார். துப்பாக்கி எதுவும் இல்லை. ஆனால் ஐந்து பேர் விற்ற பிறகு ஆறாவது ஆள் விற்பதை விருப்ப விற்பனை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

1924 மே மாதம் கால்வாயை வெடிவைத்துத் தகர்த்தார்கள். நவம்பரில் கால்வாயின் அலபாமா மதகை ஊர்க்காரர்கள் கைப்பற்றி, கதவைத் திறந்து, நாலு நாள் தண்ணீரை ஆற்றில் விட்டார்கள். பெண்கள் சமைத்துக் கொண்டுவந்தார்கள். பக்கத்தில் படப்பிடிப்பில் இருந்த நடிகர் டாம் மிக்ஸ் தன் வாத்தியக் குழுவையே அனுப்பிவைத்தார். திருவிழா மாதிரி இருந்திருக்கிறது. இந்தப் போராட்டத்துக்குத் தலைமை தாங்கியவர்கள் உள்ளூர் வங்கி நடத்திய வாட்டர்சன் சகோதரர்கள். 1927 ஆகஸ்டில் அவர்களுடைய வங்கிகள் மூடப்பட்டன. கையாடல் நிரூபணமாகி இருவரும் சான் குவென்டின் சிறைக்குப் போனார்கள், ஊர்ச் சேமிப்பு போனது, எதிர்ப்பும் அத்தோடு போனது. இதில் சினிமா அதிகம் என்பதால் எல்லோரும் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு இந்த அத்தியாயத்தின் மேல் அவ்வளவு பரிவு வருவதில்லை. போராடியவர்களில் பலர் கேட்டது பள்ளத்தாக்கை அல்ல, கூடுதல் விலையை. நகரமும் கடைசியில் வயல் மட்டுமல்லாமல் ஊர் மனைகளையும் வாங்கிக்கொள்ள ஒத்துக்கொண்டது. பின்னால் அவற்றில் ஒரு பகுதியைத் திருப்பி விற்றது. ஆனால் தண்ணீர் உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு வெறும் தரையை மட்டும்.

1937

என்னைப் பொறுத்தவரை இந்தக் கவுன்டியின் சரித்திரம் திரும்பிய இடம் கால்வாய் திறப்பும் இல்லை, வெடிகுண்டும் இல்லை. யாரும் படம் எடுக்காத ஒரு நில மாற்றம். 1930-களில் பண்ணைகள் மூடியதும் அங்கே கூலிக்கு இருந்த பையூட் குடும்பங்களுக்குப் பிழைப்புப் போனது. நிலம் விற்றவர்களுக்கு ஏதோ காசாவது கிடைத்தது, இவர்களிடம் விற்க எதுவும் இல்லை. ஆனால் மத்திய அரசு இவர்கள் பேரில் பொறுப்பாக வைத்திருந்த சிறுசிறு துண்டு நிலங்கள் பள்ளத்தாக்கு முழுக்கச் சிதறிக் கிடந்தன. நகரம் வாங்கிய நிலப்பரப்பில் அவை ஓட்டை மாதிரி இருந்தன. இந்த மக்களைப் பள்ளத்தாக்கை விட்டே வேறெங்காவது குடியேற்றிவிடலாமா என்றுகூட நகரத்தின் பக்கம் யோசித்துப் பார்த்தார்கள். இவர்கள் போக மறுத்தார்கள். அப்புறம் வந்ததுதான் 1937-இன் நாடாளுமன்றச் சட்டம். அதன்படி மத்திய அரசு நகரத்துக்கு ஏறக்குறைய 2,914 ஏக்கர் கொடுத்தது. நகரம் பதிலுக்கு பிஷப், பிக் பைன், லோன் பைன் ஆகிய மூன்று இடங்களில் மொத்தம் 1,391 ஏக்கர் கொடுத்தது. இன்று அந்த ஊர்களில் இருக்கும் பழங்குடிக் குடியிருப்புகள் இப்படி உண்டானவைதான். இன்டிபென்டன்ஸுக்கு அருகே இருந்த கோட்டைக் குடியிருப்பு மட்டும் இந்த மாற்றத்தில் சேரவில்லை.

இரண்டு ஏக்கருக்கு ஒரு ஏக்கர் என்பதை விட்டுவிடுவோம், கிடைத்தது நல்ல நிலம், வீடும் கட்டித் தந்தார்கள் என்று வாதம் செய்யலாம். விஷயம் தண்ணீரில் இருக்கிறது. நிலத்தை மாற்றிக்கொண்டார்கள், நீர் உரிமையை மாற்றிக்கொள்ளவில்லை. ஏனென்றால் லாஸ் ஏஞ்சலஸ் நகரச் சாசனத்தில் ஒரு விதி இருந்தது: வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் ஒப்புக்கொள்ளாமல் நகரத்தின் நீர் உரிமையை விற்கவோ கைமாற்றவோ கூடாது. பொதுச் சொத்தான தண்ணீரை எந்தத் தனியாரும் பேரம் பேசி எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காக வைத்த விதி. தனியாகப் படித்தால் கைதட்டத் தோன்றும் விதி. அதைக் காரணம் காட்டி, தண்ணீர் உரிமைப் பேச்சைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தார்கள். அதுவரை குடியிருப்புகளுக்கு வருஷாவருஷம் இவ்வளவு தண்ணீர் என்று நகரம் தரும். அதாவது வாய்க்கால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத் தண்ணீர் கிடைக்கும். ஆனால் உரிமையாக இல்லை, விநியோகமாக.

பிற்பாடு இன்னும் வரவில்லை. அந்த உரிமை மாற்றம் இன்றுவரை நடக்கவில்லை. விட்டுக்கொடுத்த 2,914 ஏக்கருக்கான நீர் உரிமை இன்னும் மத்திய அரசிடம் தங்கள் பேரில்தான் இருக்கிறது என்று பழங்குடியினர் சொல்கிறார்கள். மூன்று குடியிருப்புகளும் சேர்ந்து ஒரு நீர் ஆணையம் வைத்துப் பல வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கின்றன. நீதிமன்றத்துக்குப் போயிருக்கலாமே என்பது இங்கே எடுபடாது. நிலம் அரசின் பொறுப்பில் இருந்தது, கையெழுத்துப் போட்டது அரசு, அரசைத் தாண்டிப் போய் வழக்குப் போடும் நிலையில் அந்த மக்கள் 1937-இல் இல்லை.

இந்த இடத்தில்தான் நண்பரின் கேள்வி எனக்கு வேறு மாதிரி ஆனது. 1863-க்கும் 1905-க்கும் நான் பொறுப்பில்லை, அவரும் இல்லை. இருவரும் விமானத்தில் வந்து இறங்கியவர்கள். ஆனால் குடியுரிமை வாங்கி வாக்காளர் பட்டியலில் பேர் சேர்த்த அன்றைக்கு அந்த மூன்றில் இரண்டு பங்கில் நாங்களும் சேர்ந்துவிட்டோம். சாசனத்தின் அந்த விதி இன்னும் இருக்கிறது. 1905-இன் விற்பனை செல்லுமா செல்லாதா என்று நாங்கள் சாப்பாட்டு மேஜையில் தீர்ப்புச் சொல்ல முடியாது, சொன்னாலும் பயனில்லை. 1937-இல் பாக்கி வைத்தது மட்டும் வேறு வகை. அது முடிந்துபோன கிரயம் இல்லை, முடிக்காமல் விட்ட கிரயம். வீட்டுக்கடன்காரருக்குப் புரியக்கூடிய வழக்கு.

அதே நிலத்தில் இன்னொரு முறை

இன்டிபென்டன்ஸுக்கும் லோன் பைனுக்கும் நடுவில் மன்சனார். ஷெப்பர்ட் ஓடைக்கரையில் பையூட் மக்கள் இருந்த இடம். 1910 வாக்கில் மனை போட்டு விற்று, ஆப்பிளும் பேரியும் நட்ட ஒரு தோட்ட ஊர் அங்கே உருவானது. நகரம் அதையும் வாங்கியது, 1920-கள் முடிவதற்குள் ஊர் காலி. 1942-இல் ராணுவம் வந்து, லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்குச் சொந்தமான அதே நிலத்தில், மேற்குக் கரை ஜப்பானிய அமெரிக்கர்களை அடைக்கும் முகாமை எழுப்பியது. நகரம் ஆட்சேபித்தது, கால்வாய்க்குப் பக்கத்தில் இவர்களை வைத்தால் தண்ணீருக்கு என்ன ஆகுமோ என்ற பயம். உச்சத்தில் 10,046 பேர் முள்வேலிக்குள் இருந்தார்கள். அப்போது கவுன்டியின் மொத்த ஜனத்தொகை எட்டாயிரத்தைத் தொடவில்லை. அடைபட்டவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள், அதிலும் நிறையப் பேர் லாஸ் ஏஞ்சலஸ்காரர்கள். கைவிடப்பட்ட ஆப்பிள், பேரி மரங்களுக்கு அவர்கள் தண்ணீர் விட்டுக் கவாத்துச் செய்து மீண்டும் காய்க்க வைத்தார்கள். பாறையும் குட்டையுமாகத் தோட்டங்கள் அமைத்தார்கள். 1945 நவம்பரில் முகாம் மூடியபோது தலைக்குக் கொஞ்சம் பணமும் பயணச்சீட்டும் கொடுத்து அனுப்பினார்கள்.

இப்போது அது தேசிய வரலாற்றுத் தலம். அங்கே எனக்குப் பிடித்த விஷயம் கல்லறைத் தூண் அல்ல, சமீபத்திய ஒரு சண்டை. சில வருஷங்களுக்கு முன் டி.டபிள்யூ.பி. பக்கத்து நிலத்தில் பெரிய சூரிய மின்பண்ணை அமைக்கத் திட்டமிட்டது. முகாமில் இருந்தவர்களின் பிள்ளைகளும், பையூட் மக்களும், வெள்ளைக்காரப் பண்ணைக் குடும்பங்களும் ஒரே மேடையில் எதிர்த்தார்கள். திட்டம் கிடப்பில் போனது. மூன்று தரப்பும் வெவ்வேறு வருஷங்களில் அதே மண்ணிலிருந்து அனுப்பப்பட்டவர்கள். சூரிய மின்சாரத்தை எதிர்ப்பதா என்று நகரத்தில் சிலர் முகம் சுளித்தது நினைவிருக்கிறது.

தூசியும் வீட்டு வாடகையும்

ஆறு போனதும் 1920-களில் ஏரி வற்றியது. சுமார் 280 சதுர கிலோமீட்டர் உப்புத் தரை, காற்றடித்தால் நுண்தூசி. அமெரிக்காவிலேயே மிகப்பெரிய ஒற்றைத் தூசி மூலம் என்ற பெயர் அதற்குப் பல வருஷம் இருந்தது. சட்டப் போராட்டம் முடிந்து 2001 முதல் டி.டபிள்யூ.பி. அந்தத் தரையில் சரளை கொட்டுகிறது, புல் வளர்க்கிறது, ஆழமில்லாமல் தண்ணீர் தேக்குகிறது. செலவு 200 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. ஏரியை வற்றவைத்த நகரமே ஏரித்தரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறது. பறவைகள் திரும்ப வருகின்றன. 2006-இல் வறண்ட ஆற்றின் நூறு கிலோமீட்டருக்கு மறுபடி நீர் விட்டதும் கவுன்டி வழக்குப் போட்டு வாங்கியதுதான். அன்பளிப்பாக எதுவும் வரவில்லை.

நகரம் வாங்கியிருக்காவிட்டால் இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க வீட்டுமனையாகியிருக்கும், இவ்வளவு அழகாக இருந்திருக்காது என்று ஒரு வாதம் உண்டு. 395-இல் கார் ஓட்டிக்கொண்டு போகும்போது எனக்கும் அப்படித் தோன்றியதுண்டு. ஒரு பக்கம் சியரா, ஒரு பக்கம் வொயிட் மலைகள், நடுவில் எதுவுமே இல்லை. ஆனால் அந்த எதுவுமே இல்லாததன் விலையை பிஷப்பில் வாடகை வீடு தேடும் நர்ஸும் வாத்தியாரும் கொடுக்கிறார்கள். ஊரைச் சுற்றி நகரத்தின் நிலம், ஊர் விரிய முடியாது. 1991-இல் கவுன்டியும் நகரமும் போட்ட நீண்டகால நீர் ஒப்பந்தத்தில் ஊர்களை ஒட்டிக் கொஞ்சம் நிலத்தை விடுவிப்பதாக எழுதியிருக்கிறது. அது துளித்துளியாகத்தான் நடக்கிறது. அந்த மேஜையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டது கவுன்டியும் நகரமும். பழங்குடியினர் அதில் ஒரு தரப்பு இல்லை.

யாராவது என்னைக் கேட்டால், கணக்குத் தீர்க்கும் வரிசையை நான் இப்படி வைப்பேன்: முதலில் 1937, அப்புறம் மற்றதெல்லாம். பண்ணைக்காரர்களின் வாரிசுகளுக்கு அவர்கள் தாத்தாவின் பத்திரமாவது இருக்கிறது. தேர்தலுக்குத் தேர்தல் லாஸ் ஏஞ்சலஸில் எங்களுக்குத் தடித்த கையேடு ஒன்று தபாலில் வரும். கடன் பத்திரம், வரி, சாசனத் திருத்தம் என்று எது எதற்கோ ஆமா இல்லையா என்று கேட்பார்கள். பையூட் மக்களின் நீர் உரிமையைப் பற்றிய கேள்வியை அதில் நான் இன்னும் பார்க்கவில்லை. நகர மன்றத்தில் ஒரு உறுப்பினர் அதைக் கொண்டுவந்தால் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்குமா என்று நண்பரிடம் போன வாரம் கேட்டேன். கிடைக்காது என்றார். உங்கள் ஓட்டு எந்தப் பக்கம் என்று கேட்டதற்கு, எவ்வளவு ஏக்கர்-அடித் தண்ணீர், யார் விலை கட்டுவார்கள், ஒப்பந்தம் எத்தனை வருஷத்துக்கு என்று திருப்பிக் கேட்க ஆரம்பித்தார்.